துறைமுக மெசினுக்கு நாங்கள் பயணிகளான கதை

1

போன கிழமை எங்கள் சின்யோராவின், அதாவது நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின், குளியலறைத் தராசு உடைந்துபோனது. உடைத்தது என் கணவரின் சூட்கேஸ். உடம்பு நிறை பார்க்க வாங்கிய தராசுதான், ஆனால் இத்தனை வருடங்களில் அதில் சின்யோரா ஏறியதைவிட எங்கள் ஆட்களின் பெட்டிகள் ஏறியதுதான் அதிகம். பலேர்மோவில் இருந்து யாராவது கொழும்புக்குப் போகிறார்கள் என்றால் நான் அதை இரவல் வாங்கிக்கொண்டு போவேன். விமானக்காரன் விடுகிற நிறைக்கு ஒரு பிடி அரிசி கூடாமலும் குறையாமலும் பெட்டி கட்டுவதில் எங்கள் ஆட்களை யாரும் வெல்ல ஏலாது.

ஏசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு உடைந்த தராசோடு போய் நின்றேன். சின்யோரா விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்ரை மகனுக்கு உங்கடை பெட்டியள் செய்த வேலையோடை பாத்தால் இந்தத் தராசு என்ன பெரிசே, மாலா?” என்றார்.

அவர் சொன்னது இத்தாலிய மொழியில். பத்து வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் நிற்பதால் அவர் என்ன சொன்னாலும் எனக்கு எங்கடை தமிழில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், இத்தாலியம் படித்தவர்கள் மன்னிக்கவும்.

அந்தப் பெட்டிக் கதையை நான் இதுவரை ஊருக்கு எழுதவில்லை. எழுதினால் நம்பமாட்டார்கள் என்ற எண்ணம்தான். இனி எழுதாமல் விட்டால் எனக்கே மறந்துவிடும்.

2

நான் வேலை செய்யும் வீடு லிபெர்த்தா பகுதியில் இருக்கிறது. பித்தளைப் பெயர்ப்பலகை, லிப்ற், லிப்றுக்குள் உட்கார ஒரு சின்னக் கதிரை, அப்படியான இடம். சின்யோராவுக்கு ஒரே மகன். அவர் ஒரு உள்ளூர்ச் சபையில் அசெஸ்ஸோரே, அதாவது எங்கள் ஊர்க் கணக்கில் சின்னதாக ஒரு மந்திரி மாதிரி. நேரில் அவரை ‘தொத்தோரே’ என்று கூப்பிடுவேன், எங்கள் ‘ஐயா’ மாதிரி. எந்தச் சபை என்று எழுதமாட்டேன். எனக்கு இன்னும் அந்த வீட்டில்தான் வேலை.

நாங்கள் குடியிருப்பது அல்பெர்கேரியாவில், பல்லாறோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி. இரண்டு அறை. அதில் ஒரு அறையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கட்டிலில் ஐந்து பேர், நிலத்தில் நாலு பேர், தையல் மெசினுக்கு மேலே இரண்டு பேர். பதினொரு வாய் சேர்ந்து அ, ஆ என்று கத்தினால் கீழ்வீட்டுக் கிழவருக்கு மத்தியான நித்திரை போய்விடும். அவர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். பிள்ளைகள் அந்த இடிக்கு ஏற்றபடி தாளம் பிசகாமல் உயிரெழுத்துச் சொல்லப் பழகியிருந்தார்கள்.

கடைசியில் வீட்டுக்காரன் வந்து நின்றான். மாத முடிவோடு வகுப்பை நிறுத்து, இல்லையென்றால் வீட்டை விடு என்றான்.

எனக்கு வகுப்பை நிறுத்த மனமில்லை. அதற்குக் காரணம் என் மகள் ஷாமினி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. “சாப்பிட்டியோ?” என்று கேட்டால் “ஸீ” என்பாள். “ஓம் எண்டு சொல்லு” என்றால் “ஓம், ஸீ” என்பாள். பல்லாறோவில் மீன் விற்கிற சிசிலிக்காரன்கூட என்னைக் கண்டால் “அக்கா, றால் இருக்கு” என்று தமிழில் கூப்பிடுவான். என் வயிற்றில் பிறந்ததோ என்னை “மம்மா” என்று கூப்பிட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் அந்த மீன்காரனின் இத்தாலியத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. என் இத்தாலியம் வெங்காயம் வாங்கவும் வேலைக்கும் போதும். பிள்ளைக்குப் புத்தி சொல்லவோ, அவள் அழுதால் என்ன ஏது என்று கேட்கவோ போதாது. வகுப்பும் நின்றால் ஒரே வீட்டுக்குள் நானும் அவளும் சைகையில் கதைக்கிற காலம் வந்துவிடும் என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்திருந்தது.

பூட்டிக் கிடக்கிற ஏதாவது பள்ளிக்கூடத்தில் ஒரு அறை தரச்சொல்லி அசெஸ்ஸோரேயிடம் கேட்டேன். “வெத்ரேமோ” என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் ஐயாமார் சொல்லுகிற அதே பார்ப்போம்தான். நான் அவருக்குச் சோறு வைக்கிற ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். அவரும் ஒவ்வொரு ஞாயிறும் பார்ப்போம் என்றார்.

3

இனி மெசினுக்கு வருகிறேன்.

துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்து கட்டுகிற இடத்துக்குச் சுங்கச் சோதனை மெசின் ஒன்று வேண்டும் என்று அசெஸ்ஸோரே ஒற்றைக் காலில் நின்றார். பெட்டியை உள்ளே விட்டால் அதன் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் ரீவியில் காட்டுகிற எக்ஸ்றே மெசின். வேறொரு துறைமுகத்தில் அதைக் கண்டுவிட்டு வந்ததிலிருந்து மனுசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஒழுங்கை விளக்கு எரியாமல் கிடக்கிறதே, அதைப் பாருங்கள் என்று சிலர் சபையில் சண்டை பிடித்தார்களாம். ஆனாலும் சபை தன் செலவில் மெசினை வாங்கியது. ரிப்பன் வெட்டினார்கள், பேப்பரில் படம் வந்தது. சின்யோரா அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொழுவிவைத்தார்.

பிறகுதான் ஒரு விசயம் தெரியவந்தது. உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் காலையில் ஒரு தொப்பியும் கமராவுமாக இறங்கி, ஐஸ்கிறீம் குடித்து, தேவாலயம் பார்த்து, பின்னேரம் கப்பலுக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களின் பெட்டிகள் கப்பலை விட்டு இறங்குவதேயில்லை. இவ்வளவு பெரிய மெசினுக்குள் விட ஒரு பெட்டிகூடக் கிடைக்கவில்லை. மெசினில் வேலை செய்தவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பார்சலை உள்ளே விட்டு, யாருடைய பாணுக்குள் எத்தனை துண்டு இறைச்சி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்த நேரம் பார்த்து ரோமில் இருந்து ஒரு பெரிய மனுசர் வருவதாக அறிவித்தல் வந்தது. சனிக்கிழமை வந்து மெசின் வேலை செய்வதை நேரில் பார்க்கப் போகிறார். அசெஸ்ஸோரே தாயின் மேசையில் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முன்னால் மத்திப் பாஸ்தா ஆறிப்போய்க் கிடந்தது.

“பெட்டி இல்லாமல் மெசினைக் காட்டினால் நான் முடிஞ்சன், அம்மா,” என்றார்.

சின்யோரா யோசிக்கவேயில்லை. “மாலாவின்ரை ஆக்களைக் கூப்பிடு. அவையள் வீட்டிலை கதிரை இல்லாட்டிலும் பெட்டி இருக்கும். என்ரை தராசைக் கேட்டுப் பார்.”

அசெஸ்ஸோரே என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை.

“சனிக்கிழமை இருபது பேரைப் பெட்டியோடை கூட்டிக்கொண்டு வருவியோ? கப்பல் பயணியள் மாதிரி வந்து நிண்டால் போதும்.”

“கூட்டிக்கொண்டு வாறன். வகுப்புக்கு அறை தருவியளோ?”

“வெத்...”

“அது வேண்டாம், தொத்தோரே. திறப்புத் தாங்கோ.”

“சரி, திறப்பு,” என்று சாவி தர ஒப்புக்கொண்டார். சின்யோரா சாட்சிக்குக் கரண்டியால் கோப்பையில் தட்டினார்.

4

சின்யோரா சொன்னது பொய்யில்லை. எங்கள் ஆட்களின் கட்டில்களுக்குக் கீழே எப்போதும் பெட்டி இருக்கும். மலிவாகக் கண்டதையெல்லாம் வாங்கி வாங்கி உள்ளே போட்டுக்கொண்டிருப்பார்கள். யாராவது ஊருக்குப் போனால் அவரிடம் கொடுத்துவிடுவார்கள். போகிறவர் தன்னுடையதை வெளியே எடுத்துவைத்துவிட்டு மற்றவர்களின் பார்சல்களைத் திணித்துக்கொண்டு போவார். உள்ளே என்ன என்று கேட்கமாட்டார், பிரித்துப் பார்க்கவும் மாட்டார். அது மரியாதையில்லை.

என் அப்பா ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கூடை ஒன்றை மெயில் ரெயினில் கொழும்புக்குக் கொண்டுபோனார். வாயைச் சாக்கால் மூடித் தைத்த கூடை. வவுனியா தாண்டக் கூடை கொக்கரித்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும், மற்றவருடைய சாமான் எப்படிச் சத்தம் போட்டாலும் எங்களுக்கென்ன என்று பேப்பர் வாசித்துக்கொண்டு போனார். வெள்ளவத்தையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது உள்ளே கோழியும் இருந்தது, ஒரு முட்டையும் இருந்தது. இரண்டையும் ஒப்படைத்துவிட்டுத்தான் அப்பா தேத்தண்ணி குடித்தாராம். நாங்கள் அந்தப் பரம்பரை.

எல்லோருக்கும் ஆள் விட்டுச் சொன்னேன். கப்பலில் வந்து இறங்கினவர்கள் மாதிரி வாருங்கள், படம் எடுப்பார்கள் என்றேன். நான் படம் என்று சொல்லியிருக்கக்கூடாது. சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு வந்து நிற்கிறார்கள். ஆம்பிளைகள் கோட்டும் ரையும். மன்னார் ஜெசிந்தாக்கா பச்சைப் பட்டுடுத்து, கொண்டை நிறையப் பூ. கப்பல் பயணி என்பதற்கு அடையாளமாக எல்லோரும் ஆளுக்கொரு வைக்கோல் தொப்பி போட்டிருந்தார்கள். ஜெசிந்தாக்காவின் தொப்பி பூவுக்கு மேலே நின்று ஆடிக்கொண்டிருந்தது. என் கணவர் கறுப்புக் கண்ணாடி வேறு.

“என்னப்பா இது?” என்றேன்.

“உல்லாசமா இருக்கட்டும் எண்டுதான்,” என்றார்.

வெறும் பெட்டி கொண்டுவந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். ஒருவரும் வெறுமையாக்கவில்லை. நிறை பார்த்துக் கயிறு போட்டுக் கட்டிய பெட்டியை அவிழ்த்தால் திரும்ப அந்த நிறை வராது என்று காரணம் சொன்னார்கள். வரிசையில் முதலாவதாகத் தவம் அண்ணை நின்றார். அவர் பத்து நாளில் கொழும்புக்குப் போக இருந்தவர். இருந்ததிலேயே பெரிய பெட்டி அவருடையதுதான், பலேர்மோத் தமிழர் பாதிப்பேரின் பார்சல் அதற்குள் இருந்தது.

5

ரோம்காரர் கட்டையாக, கண்ணாடி போட்டு, நல்ல மனுசராகத்தான் இருந்தார். அசெஸ்ஸோரே எங்களைக் காட்டி, “கப்பலாலை வந்த சனம்,” என்றார். அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பலே இல்லை. ரோம்காரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மெசினடியில் சுங்க அதிகாரி ஒருவர் நின்றார். வட இத்தாலிக்காரர், சின்ன வயது, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இது நாடகம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மற்றவர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அந்த மனுசன் சட்டப்படி தன் வேலையைத் தொடங்கினார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் போய் நின்றேன். ஷாமினி என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் பெட்டி உம்மடையோ?” என்று கேட்டார் அதிகாரி. நான் தமிழில் தவம் அண்ணையிடம் கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. என்ரை சகலன்ரை பெட்டி,” என்றார் தவம் அண்ணை.

“தன்ரைதானாம்,” என்றேன் நான் இத்தாலியத்தில்.

“நீரே அடுக்கினதோ?”

“எனக்கு எங்கை நேரம்? மனுசிதான் அடுக்கினவள்.”

“தானே அடுக்கினவராம்.”

“வேறை ஆராவது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது தந்தவையோ?”

தவம் அண்ணை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். ரோம்காரரைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். “இஞ்சை நிக்கிற எல்லாரும் தந்தவை. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. மற்ற ஆக்களின்ரை சாமானைத் திறந்து பாக்கிற பழக்கம் எங்கடை சனத்திட்டை இல்லை எண்டு ஐயாவுக்கு வடிவாச் சொல்லு பிள்ளை.”

“ஒருத்தரும் ஒண்டும் தரேல்லையாம்,” என்றேன்.

“மா நோ, மம்மா,” அப்படியில்லை அம்மா என்று கீழே இருந்து ஒரு குரல் வந்தது. ஷாமினி. பல்லாறோச் சந்தை முழுக்க மணக்கிற இத்தாலியத்தில், அதிகாரியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். அம்மா பிழையாகச் சொல்லுகிறா. பெட்டி இவருடைய மனைவியின் தங்கச்சியின் புருசனுடையது. அடுக்கியது இவருடைய மனைவி. எல்லோரும் இவரிடம் சாமான் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன என்று இவருக்குத் தெரியாது, திறந்து பார்ப்பது வெட்கக்கேடு.

சகலன் என்ற சொல்லைக்கூட விடாமல் அவிழ்த்துச் சொன்னாள். தமிழ் விளங்காது என்று நான் நினைத்திருந்த பிள்ளை. அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, தூக்கிக் கொஞ்சவேண்டும் போலவும் இருந்தது.

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஒருத்தரும் அசையக்கூடாது,” என்றார். பெட்டி மெசினுக்குள் போனது. ரீவியில் கறுப்பாக, உருண்டையாக, மூக்கும் பிடியும் வைத்த ஏழெட்டுச் சாமான்கள் வரிசையாகத் தெரிந்தன. எல்லோரையும் சுவரோரம் போகச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் அத்தனையும் அடுப்பில் வைக்கிற இத்தாலியக் காப்பிக் கேத்தில்கள். ஒவ்வொரு குடும்பமும் மற்றவர்கள் அனுப்புவது தெரியாமல் ஒவ்வொன்று அனுப்பியிருக்கிறது.

அடுத்ததாக ஜெசிந்தாக்காவின் பார்சல். சேலையால் சுற்றி, ரேப் ஒட்டி, அதற்கு மேலே ஊசியால் தைத்தது. தவம் அண்ணையிடம் அதைக் கொடுக்கும்போது தாய்க்கு மருந்து என்று சொல்லியிருந்தா. ஷாமினி அதையும் மொழிபெயர்த்தாள். மருந்து என்றால் சோதிக்கத்தான் வேண்டும் என்று அதிகாரி கத்தரிக்கோல் எடுத்தார். உள்ளே இருந்து சரிகை வைத்த உள்ளாடைகள், ஒன்றன் பின் ஒன்றாக ரோம்காரர் முன்னால் மேசையில் வந்து விழுந்தன. ஜெசிந்தாக்கா வைக்கோல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டா.

பிறகு பெட்டிகளின் அடியில் இருந்து வேறொன்று ரீவியில் தெரிந்தது. தலையில் ரோசாப்பூ முடி வைத்த ஒரு சின்னப் பெண் உருவம். அடுத்த பெட்டியிலும் அதே உருவம், அதற்கடுத்ததிலும். மலைக்குகையில் இருக்கிற இந்த நகரத்துப் புனிதையின் சிலைகள். வேதக்காரரோ சைவமோ, எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த மலைக்கு ஏறித்தான் நேர்த்தி வைக்கிறவர்கள். ஊரில் இருப்பவர்களையும் அவ காப்பாற்றட்டும் என்று ஆளுக்கொரு சிலை வாங்கி வைத்திருந்தார்கள். மெசினில் நின்ற பலேர்மோக்காரர்கள் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, விரலை முத்தமிட்டார்கள். சிலை வருகிற ஒவ்வொரு முறையும் முத்தமிட்டதில் வேலை அரை மணித்தியாலம் சுணங்கியது.

6

அசெஸ்ஸோரே தூணில் சாய்ந்துகொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது, அறையும் போனது என்று எனக்கும் விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் ரோம்காரர் கை தட்டினார்.

“எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் வெறும் பெட்டியை விட்டு எனக்கு மெசின் காட்டுவினம். இப்பிடி ஒரு கஸ்டமான சோதனையை நான் ஓரிடமும் காணேல்லை. ஆரின்ரை யோசனை இது?”

அசெஸ்ஸோரே தூணை விட்டு நிமிர்ந்தார். “என்ரைதான்,” என்றார்.

கமராக்காரன் படம் எடுத்தான். நான் மெல்லப் பக்கத்தில் போய், “திறப்பு, தொத்தோரே,” என்றேன். அவர் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி, வாயை அசைக்காமல், “வெத்ரேமோ,” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபம்தான், வேறொன்றுமில்லை.

ரோம்காரர் என்னிடம் திரும்பி, “இவ்வளவு சனமும் இவ்வளவு பாடுபட்டு வந்தினமே, இவைக்கு என்ன குடுத்தது?” என்று கேட்டார்.

அசெஸ்ஸோரே என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வீட்டு வேலை எனக்குத் தேவை. “ஒண்டுமில்லை, ஐயா. அன்பிலை வந்தவை,” என்றேன்.

“மா நோ, மம்மா,” என்றாள் ஷாமினி.

பிறகு நடந்ததை நான் தடுக்கவில்லை, தடுக்க மனமும் வரவில்லை. கீழ்வீட்டுக் கிழவர், தும்புத்தடி, வீட்டுக்காரன், திறப்பு, கரண்டியால் தட்டிய சின்யோரா என்று நான் வீட்டில் சொன்னதில் ஒன்றும் விடாமல் சொன்னாள். “இந்த மொழியை எங்கை படிச்சனீர்?” என்று ரோம்காரர் கேட்க, “அம்மாவின்ரை கட்டிலிலை. வாற மாதம் அதுவும் இல்லை,” என்றாள்.

எல்லோரும் அசெஸ்ஸோரேயைப் பார்த்தார்கள். வைக்கோல் தொப்பி போட்ட இருபது பேர், சுங்க அதிகாரி, ரோம்காரர், கமரா. அவர் சட்டைப் பையில் கை விட்டார். பள்ளிக்கூடத் திறப்பு அங்கே எப்படி இருக்கும்? இருந்தது மெசின் மண்டபத்துக்குப் பக்கத்து அறைத் திறப்புத்தான். கமராவுக்கு முன்னால் அதை என் கையில் வைத்தார்.

இன்றுவரை எங்கள் தமிழ் வகுப்பு அங்கேதான் நடக்கிறது. அது சுங்கப் பகுதி என்பதால் உள்ளே போகிற எல்லாப் பையையும் மெசினுக்குள் விடத்தான் வேண்டும் என்று அந்த வட இத்தாலிக்காரர் ஒற்றைப் பிடியாக நிற்கிறார். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளின் புத்தகப் பைகள் மெசினுக்குள் போகின்றன. மெசின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சபையும் ஒழுங்காக எழுதிக்கொள்கிறது. எங்களை அசெஸ்ஸோரே இனி எழுப்ப ஏலாது. பிள்ளைகள் வராவிட்டால் அவருடைய மெசினுக்கு வேலை இல்லை.

ரீவியில் தெரிகிற ஒவ்வொன்றையும் காட்டி அதிகாரி ஷாமினியிடம் தமிழில் பெயர் கேட்கிறாராம். அவளுக்குத் தெரியாவிட்டால் மானம் போகிறதாம். வெள்ளிக்கிழமை நான் சமைத்துக்கொண்டிருக்க வந்து நின்று, “அம்மா, கத்தரிக்கோலுக்குச் சொன்னியள், இந்தப் பென்சில் சீவுறதுக்கு என்ன சொல்லுறது?” என்று கேட்கிறாள். முழு வசனமும் தமிழ். எனக்கும் அந்தச் சொல் தெரியாது. யோசிக்கிற சாட்டில் அவளை இன்னும் கொஞ்ச நேரம் கதைக்க விடுவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை உண்மையாகவே ஒரு கப்பல் வந்தது. அதில் இருந்து உண்மையாகவே ஒருவர் பெட்டியோடு இறங்கினார். ஜேர்மன்காரர், வயிறு சரியில்லாமல் பாதிப் பயணத்தில் வீட்டுக்குப் போகிறார். செய்தி கேட்டு அசெஸ்ஸோரே மூச்சு வாங்க ஓடிவந்து, அந்த மனுசனின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மெசினடிக்கு வந்தார். அங்கே எங்கள் பிள்ளைகள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். அவர் பெட்டியை முன்னுக்கு வைக்கப் போக, சுங்க அதிகாரி கையை நீட்டி மறித்தார்.

“பொறுங்கோ,” என்றார், நல்ல தமிழில். நான் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடமாகிவிட்டது. “பிள்ளையள் முதல்.”

ஜேர்மன்காரர் பொறுத்தார். பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசெஸ்ஸோரேயும் பொறுத்தார். வரிசையில் கடைசியாக நின்ற ஷாமினியின் பை போய் முடியும்வரை, இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால்தான் நின்றார்கள்.